கிரீன் கோவ் பாறையும் வேட்டங்குடிக் கண்மாயும்: எழாமல் போன ஒரு போர் நினைவுச்சின்னம்

2016 பிப்ரவரி 5 அன்று, கனடாவின் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள், கிரீன் கோவ் என்ற கடலோரப் பாறை முனையில் எழ இருந்த போர் நினைவுச்சின்னத்திலிருந்து விலகிக்கொள்வதாக அதில் சொன்னது. நிலம் அதன் பொறுப்பில் இருந்தது. அது கையை எடுத்ததும் திட்டம் நின்றுபோனது.

காரைக்குடிப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கதையை நான் எடுப்பதற்குக் காரணம் உண்டு. 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களுக்கும் வழியிலேயே விழுந்தவர்களுக்கும் ஒரு நினைவிடம் வேண்டும் என்ற பேச்சு எங்கள் நண்பர்கள் நடுவே நடக்கிறது. வேண்டும் என்பதில் எங்களுக்குள் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே என்று வரும்போதுதான் பேச்சு சூடாகிறது. கண்மாய்க்கரையில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பறவைகள் வந்து இறங்கும் வேட்டங்குடிச் சரணாலயப் பக்கம் என்றால் வெளியூர்க்காரர்களும் வந்து பார்ப்பார்கள் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் கிரீன் கோவ் விவகாரத்தை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

என்ன கட்ட நினைத்தார்கள்

யோசனை அரசாங்கத்தில் பிறக்கவில்லை. டொராண்டோ தொழிலதிபர் டோனி ட்ரிஜியானி இத்தாலியில் உள்ள கனடியப் போர்க் கல்லறை ஒன்றுக்குப் போயிருந்தார். வரிசை வரிசையாக இளைஞர்களின் பெயர்கள். பெற்ற தாய் வந்து பார்க்க முடியாத தூரத்தில் அவர்கள் கிடப்பது அவர் மனதை உலுக்கியது. ஊர் திரும்பியதும் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அட்லாண்டிக் கரையில், கிழக்கே ஐரோப்பாவை நோக்கி இரு கைகளையும் நீட்டியபடி 'கனடா அன்னை' நிற்க வேண்டும் என்பது திட்டம். சிலையின் உயரம் சுமார் 24 மீட்டர், ஏறக்குறைய எட்டு மாடி. சிலையோடு முடியவில்லை. கடலைப் பார்க்க ஒரு மேடை, நினைவு வளையம், அமைதியாக அமர ஓர் இடம் என்று திட்டம் விரிந்தது. இவற்றுக்கெல்லாம் நாட்டுப்பண்ணின் வரிகளிலிருந்து பெயர் எடுத்தார்கள். கூடவே விளக்க மையம், கடை, வாகன நிறுத்துமிடம். செலவு 2.5 கோடி டாலர் என்று தொடங்கி மேலே போனது. 2017 ஜூலை 1, கனடா கூட்டரசின் 150-ஆவது ஆண்டு நாள், திறப்பு விழாவுக்குக் குறித்திருந்த தேதி.

இந்தத் துக்கத்தை இலேசாக எடைபோடக் கூடாது. இரண்டு உலகப் போர்களிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான கனடியர்கள் இறந்தார்கள். வெளிநாட்டில் விழுந்த வீரரின் உடலை ஊருக்குக் கொண்டுவராமல் விழுந்த மண்ணிலேயே அடக்கம் செய்வதுதான் அன்றைய வழக்கம். ஒரு தலைமுறை முழுக்க, பிள்ளையின் கல்லறையைக் கண்ணால் பார்க்காமலேயே தாய்மார் கண்ணை மூடினார்கள். கையை நீட்டி நிற்கும் தாய் என்ற கற்பனை அந்தக் காயத்திலிருந்து வந்தது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது எளிதில் புரியும். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த மார்ச்சில் நகரமே வீழ்ந்தது. சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். மற்றவர்கள் அராக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங்குக்கும், எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். என்றைக்கு, எந்த இடத்தில் உயிர் போனது என்று ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இறந்த திதி தெரியாததால் மகாளய அமாவாசையில் மட்டும் தர்ப்பணம் செய்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதனால் ட்ரிஜியானியின் திட்டத்தைப் பணக்காரரின் ஆடம்பர ஆசை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எண்ணத்தில் குறை இல்லை. இடத்தில் குறை இருந்தது. அந்த இடம் கொடுக்கப்பட்ட முறையில் அதைவிடப் பெரிய குறை இருந்தது.

அந்த மண் எப்படிப் பூங்கா ஆனது

கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் 1936-ல் தேசியப் பூங்கா ஆனது. கனடாவின் அட்லாண்டிக் மாகாணங்களில் அதுதான் முதல் தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 950 சதுர கிலோமீட்டர். கேப் பிரெட்டன் தீவின் வட பகுதியைச் சுற்றிவரும் கேபட் டிரெயில் சாலை அதன் ஓரமாகவே போகிறது. கிரீன் கோவ் அந்தச் சாலையின் கிழக்குப் பக்கத்தில், இங்கனிஷுக்கும் நீல்ஸ் ஹார்பருக்கும் நடுவில் வருகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் கருங்கல் பாறை, அப்பால் கடல். கட்டடம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

பூங்கா உண்டானதற்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. அந்தத் தீவு மிக்மாக் மக்களின் பூர்வீக நிலம். பிறகு அங்கே பிரெஞ்சு மொழி பேசும் அக்காடியர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் குடியேறினார்கள். 1930-களில் பூங்காவுக்காக மாகாண அரசு நிலம் எடுத்தபோது, காப் ரூஜ் என்ற அக்காடிய மீனவக் குடியிருப்பின் குடும்பங்கள் வீட்டை விட்டு எழுப்பப்பட்டன. இயற்கை இருக்கிறபடியே எல்லோருக்குமாக இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் விலக வேண்டும் என்பதுதான் அவர்களிடம் சொல்லப்பட்ட காரணம். குடிசையும் படகுத்துறையும் இருக்கக் கூடாது என்று மக்களை அகற்றிய பூங்காவுக்குள், எண்பது ஆண்டு கழித்து எட்டு மாடிச் சிலையும் கடையும் வரலாம் என்றால், வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன பதில்? கிரீன் கோவ் பற்றிய விவாதத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். கனடாவின் தேசியப் பூங்காச் சட்டம் 1930-லேயே ஒரு கடமையை எழுதிவைத்தது. வருங்காலத் தலைமுறைகள் அனுபவிக்கும்படி பூங்காக்களைச் சிதையாமல் விட்டுச் செல்ல வேண்டும் என்பது அது. 2000-ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பூங்கா நிர்வாகத்தின் எல்லா அம்சங்களிலும் சூழலியல் முழுமையைக் காப்பதற்கே முதலிடம் என்று சொன்னது. இப்படித் தெளிவாகச் சட்டம் எழுதிய நாடுகள் குறைவு.

சட்டத்தின் காவலரே பங்காளியானபோது

இவ்வளவு தெளிவான சட்டத்தைக் கையில் வைத்திருந்த பார்க்ஸ் கனடா, திட்டத்தைத் தொடக்கத்திலேயே வரவேற்றது. அன்றைய கன்சர்வேட்டிவ் அரசுக்கும் இதில் ஆர்வம் இருந்தது. அறக்கட்டளைக்குப் பூங்கா நிர்வாகம் ஒரு லட்சம் டாலர் கொடுத்தது 2014-ல் வெளியே தெரிந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு அதற்குப் பிறகு, 2015-ல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது.

இந்த வரிசையில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. முதலில் இடம் முடிவானது. பிறகு ஆதரவு, பிறகு பணம், அதற்கும் பிறகு ஆய்வு. "இங்கே கட்டலாமா?" என்ற கேள்விக்கு இடமே இல்லாமல், "பாதிப்பை எப்படிக் குறைக்கலாம்?" என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. வேறு எந்தெந்த இடங்களைப் பார்த்தார்கள், பூங்காவுக்கு வெளியே கடற்கரை இல்லையா, ஹாலிஃபாக்ஸ் துறைமுகம் ஏன் கூடாது? போருக்குப் புறப்பட்ட கப்பல்களில் எத்தனையோ அந்தத் துறைமுகத்திலிருந்துதான் கிளம்பின. பிள்ளைகளைக் கடைசியாகக் கையசைத்து அனுப்பிய துறைமுகத்தில் கை நீட்டிய தாய் நின்றிருந்தால், அந்தச் சிலைக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும்.

உள்ளூரில் எல்லோரும் எதிர்த்தார்கள் என்று எழுதினால் அது பொய். ஆதரித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். கேப் பிரெட்டனில் 1990-களின் தொடக்கத்தில் காட் மீன்பிடிக்குத் தடை வந்தது. 2001-ல் தீவின் கடைசி அரசு நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது, சிட்னி நகரின் உருக்காலையும் அதே ஆண்டில் போனது. இளைஞர்கள் வேலை தேடி மேற்கு மாகாணங்களுக்குப் போகிற ஊரில், ஆண்டுக்கு இத்தனை சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், இத்தனை பேருக்கு வேலை என்று சொன்னால் நம்பத்தான் தோன்றும். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற நம் ஊர்களிலும், பேருந்து நிறையப் பயணிகள் வந்து இறங்கும் கனவுக்கு உடனே தலையாட்டுவோம். அந்த ஆதரவாளர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எதிர்ப்பு மூன்று பக்கமிருந்து வந்தது. கிரீன் கோவின் நண்பர்கள் என்ற உள்ளூர்க் குழு முதலாவது. தாங்களே இரண்டாம் உலகப் போரில் பணிபுரிந்த முன்னாள் படையினர் சிலர் இரண்டாவது. எங்கள் பெயரைச் சொல்லி அந்தப் பாறையைத் தொடாதீர்கள் என்று அவர்கள் கேட்டபோது, எதிர்ப்பது நன்றி கெட்டதனம் என்ற குற்றச்சாட்டு வலுவிழந்தது. மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பார்க்ஸ் கனடாவில் உயர் பொறுப்புகளில் இருந்து ஓய்வு பெற்ற 28 பேர் 2015-ல் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். சிலை அழகா இல்லையா என்பதற்குள் அவர்கள் போகவில்லை. பூங்கா எதற்காக இருக்கிறதோ அந்தக் கொள்கைக்கும் நிர்வாக விதிகளுக்கும் இது முரண் என்பது அவர்கள் வாதம். தாங்கள் வேலை பார்த்த நிறுவனமே தன் கடமையை மறந்துவிட்டதைப் பெயர் போட்டு, கையெழுத்திட்டுச் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும்.

விமியில் ஏன் பொருந்துகிறது

திட்டமிட்ட சிலைக்கு மூலம் பிரான்சில் உள்ள விமி நினைவகம். 1917 ஏப்ரல் 9 முதல் 12 வரை விமி முகட்டில் நடந்த போரில் 3,598 கனடியர்கள் இறந்தார்கள். 1922-ல் பிரான்ஸ் அந்த நிலத்தைக் கனடாவுக்கு வழங்கியது. சிற்பி வால்டர் ஆல்வர்ட் வடிவமைத்த நினைவகம் 1936 ஜூலையில் திறக்கப்பட்டது. கேப் பிரெட்டன் பூங்கா பிறந்ததும் அதே ஆண்டில்தான். விமியின் சுவர்களில் 11,285 பெயர்கள் இருக்கின்றன. பிரான்சில் இறந்து, அடக்கம் செய்த இடம் தெரியாமல் போனவர்கள் அவர்கள். அங்கே தலை குனிந்து நிற்கும் துயரப் பெண்ணின் உருவத்தைத்தான் மக்கள் கனடா அன்னை என்கிறார்கள்.

விமியில் மண்ணே சாட்சி. பதுங்கு குழிகளும் குண்டு விழுந்த பள்ளங்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன. வெடிக்காத குண்டுகள் பூமிக்குள் கிடப்பதால், புல் வெட்ட ஆள் இறங்க முடியாத இடங்களில் ஆடுகளை மேயவிடுகிறார்கள். அந்தப் பெண் எந்த மண்ணைப் பார்த்துத் தலை குனிகிறாளோ, அந்த மண்ணில்தான் பிள்ளைகள் விழுந்தார்கள். சிலையை அங்கிருந்து பெயர்த்தால் அர்த்தத்தில் பாதி போய்விடும்.

கிரீன் கோவில் போர் நடக்கவில்லை. படை புறப்பட்ட துறையும் அல்ல. கடலைப் பார்க்கிறது என்பது ஒன்றுதான் தகுதி, அந்தத் தகுதி கனடாவின் கிழக்குக் கரை முழுக்க உண்டு. அங்கே கட்டடம் இல்லை என்பதால் இடம் காலியாகத் தோன்றியது. எவ்விதக் கட்டடமும் இல்லாமல் இருப்பதுதான் தேசியப் பூங்காவில் அந்த இடத்தின் பயன் என்பது வரைபடத்தை வைத்துக்கொண்டு திட்டம் போடுகிறவருக்குத் தெரிவதில்லை.

அதே பூங்காவுக்குள் ஏற்கெனவே ஒரு நினைவுக் கட்டடம் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். லோன் ஷீலிங் என்ற கல் குடிசை. ஸ்காட்லாந்து இடையர்களின் குடிசை மாதிரியில் 1942-ல் கட்டியது. தனக்குச் சொந்தமான நூறு ஏக்கரைப் பொதுமக்களுக்கு எழுதிவைத்த ஒரு பேராசிரியர், அதில் அப்படி ஒரு குடிசை வேண்டும் என்று கேட்டிருந்தார். பழம் மேப்பிள் மரங்களுக்கு நடுவே, பக்கத்தில் போனால்தான் கண்ணில் படும். அக்காடியரையும் மிக்மாக் மக்களையும் ஓரம் தள்ளிவிட்டு ஸ்காட்லாந்துப் பெருமை மட்டும் பேசுகிறது என்ற விமர்சனம் அதற்கும் உண்டு, அது நியாயமானதே. ஆனாலும் பேராசிரியர் நிலம் கொடுத்துவிட்டுக் குடிசை கேட்டார். அறக்கட்டளை, எல்லோருக்கும் சொந்தமான நிலத்தைக் கேட்டது.

விலகல், அதற்குச் சொன்ன காரணம்

2015 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியது. நான்கு மாதத்தில் பார்க்ஸ் கனடா விலகியது. அறிவிப்பில் சொன்ன காரணங்கள்: அறக்கட்டளையிடம் போதிய நிதி இல்லை, அறக்கட்டளையின் அமைப்பு குறித்து உடன்பாடு ஏற்படவில்லை, உறுதியான வடிவமைப்புத் திட்டம் இல்லை, ஆகவே 2017 ஜூலை 1-க்குள் முடிக்க வாய்ப்பில்லை.

எதிர்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். முடிவு சரியானது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் காரணங்களைத் திரும்பப் படியுங்கள். பூங்காச் சட்டம் பற்றியோ, வருங்காலத் தலைமுறை பற்றியோ, 28 பேர் எழுதிய கடிதத்தின் சாரம் பற்றியோ அதில் இல்லை. பணம் வங்கியில் இருந்து, தேதியும் தள்ளி இருந்து, பத்திரங்கள் ஒழுங்காக இருந்திருந்தால், அதே அறிவிப்பின்படி சிலை எழுந்திருக்கலாம். இந்தப் பாறை ஒரு நிதிப் பற்றாக்குறையால் தப்பித்தது. நாளைக்கு இன்னும் வசதியான ஓர் அமைப்பு இன்னொரு பூங்காவில் வந்து நின்றால், முன்னுதாரணம் என்று எடுத்துக் காட்டத் தீர்ப்பு எதுவும் இல்லை. விவகாரம் முடிந்தது, கேள்விக்குப் பதில் வரவில்லை. முழுக் கதையிலும் என்னை மிகவும் உறுத்தியது இந்த இடம்தான்.

அமெரிக்கத் தலைநகரில் இதே நெருக்கடி வேறு விதமாகக் கையாளப்பட்டது. வாஷிங்டனின் நடுவில் உள்ள புல்வெளியில் ஆளாளுக்கு நினைவுச்சின்னம் கேட்டதால் 1986-ல் தனிச் சட்டம் வந்தது. போர் முடிந்து குறைந்தது பத்து ஆண்டு போக வேண்டும். கட்டுமானச் செலவில் பத்து விழுக்காட்டைப் பராமரிப்புக்காகத் தனியே கட்ட வேண்டும். ஏழு ஆண்டுக்குள் வேலை தொடங்காவிட்டால் அனுமதி காலாவதி. 2003-ல் திருத்தம் செய்து, புல்வெளியின் மையப் பகுதி நிறைவு பெற்றுவிட்டது, இனி அங்கே புதிய நினைவுச்சின்னம் கூடாது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகும் நாடாளுமன்றம் விதிவிலக்கு கொடுத்தது உண்டு. இருந்தாலும் மறுப்பதற்கான காரணம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது, வருகிறவர் முகத்தைப் பார்த்து அதை உருவாக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் நடந்தவை

சென்னையில் கிண்டியைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் ஐந்து சதுர கிலோமீட்டர் காடு அது. ஐ.ஐ.டி.க்கு ஒரு பகுதி போனது. 1956-ல் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது. 1970-களில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடங்கள் எழுந்தன. 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். நினைக்கப்பட்டவர்கள் யாருமே நினைவிடத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் அல்ல. அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. ஒன்றுக்குச் சரி என்ற பிறகு அடுத்ததற்கு மறுப்பது இன்னும் கடினமாகிறது. வெளிமான் உலவிய புதர்க்காடு துண்டு துண்டாகக் குறைந்தது இப்படித்தான்.

செட்டிநாட்டுக்காரர்கள் இதைவிட நெருக்கமாக அறிந்த ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதின் தொடக்கத்திலும் நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தமிழ்நாடெங்கும் சிவன் கோயில்களுக்குத் திருப்பணி செய்தார்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணம் கோபுரமாகவும் பிரகாரமாகவும் மாறியது. இடிந்து கிடந்த கோயில்கள் எத்தனையோ அவர்களால்தான் இன்று நிற்கின்றன, அதற்கு எந்த நாளும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் பழைய கட்டுமானங்களைப் பிரித்துப் புதுக் கல் வைத்தபோது, பழங்காலச் சுவர்களும் அவற்றிலிருந்த கல்வெட்டுகளும் பல இடங்களில் போய்விட்டன. பக்தியில் குறை சொல்ல முடியாது. கொடுப்பவரைக் கொஞ்சம் நிறுத்தி, இந்தச் சுவரை விட்டுவிடுங்கள் என்று சொல்ல அன்று ஓர் அமைப்பு இல்லை. கிரீன் கோவில் அந்த அமைப்பு இருந்தது, ஆனால் கொடுப்பவரோடு சேர்ந்து நின்றது.

இப்போது வேட்டங்குடிக்கு வருகிறேன். திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய கண்மாய்கள் சேர்ந்ததுதான் சரணாலயம். 1977-ல் அறிவிக்கப்பட்டது. மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகினால், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டும். குஞ்சு பறந்து போகும்வரை அந்த ஊர்க்காரர்கள் சத்தம் போடுவதில்லை. தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இப்படித்தான். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் கேட்டார். அவருடைய ஐயா பர்மாவின் பெகு பக்கம் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்து, நடந்து வந்தவர்.

"கரை காலியாத்தானே தம்பி கெடக்கு? ஓரமா ஒரு தூண். யாருக்கு என்ன கெடுதல்?"

"தூணோட நிக்காதுண்ணே. வெளக்குப் போடச் சொல்லுவாக. மைக் வைப்பாக. திறப்பு விழா எப்ப வைப்போம்? மழை முடிஞ்சு, தை மாசம். அப்பத்தான் குஞ்சு கூட்டுல இருக்கும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கய்யா பேரு எங்கேயும் இல்லையே தம்பி," என்றார். அதற்கு நான் உடனே பதில் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. கிரீன் கோவை எதிர்த்தவர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறியிருப்பார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர், அந்தக் குடும்பத்தின் துக்கத்தையும் சேர்த்து மறுத்ததாகிவிடுகிறது.

வேட்டங்குடிக்கு 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் காவலாக இருக்கிறது. சரணாலயத்தின் வாழிடத்தைச் சேதப்படுத்த தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதியின்றி முடியாது. ஆனால் சிவகங்கைச் சீமையில் இருக்கிற மற்றக் கண்மாய்களுக்கும் ஊருணிகளுக்கும் கோயில் காடுகளுக்கும் அந்த அளவு காவல் இல்லை. பட்டா இல்லாத இடம், பொது இடம் என்றதும் முதலில் கை நீளுவது அங்கேதான். மடையும் கலுங்கும் கரையும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பக்கம் ஒரு மேடை கட்டினால் கடைமடைக்குப் போகும் தண்ணீர் குறையும். இதைச் சொல்ல வேண்டியவர் ஆயக்கட்டு விவசாயி. அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறோமா என்பதுதான் நாங்கள் எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது. நகரத்தார் கோயில் காரியங்களில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் வரி உண்டு, கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. கோயிலுக்குள் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள், ஊர்ப் பொது நிலம் என்றதும் நன்கொடையாளர் ஒருவரின் வார்த்தையில் முடித்துவிடக் கூடாது.

அந்தச் சாவுகளோடு உறவுள்ள இடம்

விமி எனக்குச் சொன்னது இதுதான்: இறப்போடு உறவுள்ள இடத்தைத் தேட வேண்டும். பர்மா நடையில் இறந்தவர்கள் விழுந்த மலை நமக்கு எட்டாது. ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் போர்க் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவகத்தில், கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவை படையில் இருந்தவர்களின் பெயர்கள். கடையிலும் வயலிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

ஆனால் செட்டிநாட்டில் அந்த வாழ்க்கையின் மறுமுனை இருக்கிறது. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் நிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செட்டியார் கைகளுக்கு வந்திருந்தது. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் ஆத்தங்குடியிலும் வளவுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் கிளம்பியது அந்த வீடுகளின் முகப்பிலிருந்து. திரும்பி வராதவர்களுக்காக ஆச்சிமார் காத்திருந்ததும் அங்கேதான். பூட்டிக் கிடக்கும் வீடுகளும் ஆள் வராத நகரத்தார் விடுதிகளும் எத்தனையோ இருக்கும்போது கண்மாய்க்கரையில் புதுக் கல் எதற்கு? ஒரு வீட்டின் பட்டாலை என்கிற உள்கூடத்தை உரியவர்கள் சம்மதத்தோடு பெற்று, பெயர்களைச் சுவரில் எழுதலாம். பெட்டகங்களில் பர்மாக் கடைப் பேரேடுகளும் கடிதங்களும் இன்னும் இருக்கின்றன. வருடம் போகப் போகப் பழைய சாமான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சேர்ப்பதுதான் அவசரம், கல் நடுவது அல்ல.

பெயர் என்றால் யாருடைய பெயர் என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். முதலாளியும் மேலாளும் மட்டும் நடந்து வரவில்லை. சமையல்காரர், பெட்டியடிப் பையன், அறுவடைக்குப் போன கூலி, ராமநாதபுரம் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து கப்பலேறியவர்கள் எல்லோரும் நடந்தார்கள். கப்பல் டிக்கெட் வாங்கப் பணம் இல்லாதவர்கள்தான் அதிகம் நடந்தார்கள், அதிகம் இறந்தார்கள். நகரத்தார் பெயர் மட்டும் கொண்ட சுவர் எங்கள் ஊரில் எழுந்தால் அதில் பங்கெடுக்க நான் மாட்டேன். இதையும் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

மூத்தவர் பட்டாலை யோசனைக்குப் பாதி இறங்கி வந்திருக்கிறார். வீடு என்றால் நான்கு பங்காளி கையெழுத்து வேண்டும், கண்மாய்க்கரை என்றால் அந்தத் தொல்லை இல்லை என்பது அவருடைய மீதித் தயக்கம். பங்காளிகள் ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடிக்கலாம், அதற்குள் அவர் காலமே முடியலாம் என்ற பயமும் உண்டு. அது நியாயமான பயம், அதற்காகத்தான் பெயர்ப் பட்டியலை உடனே தொடங்கிவிட்டோம். அடுத்த கூட்டத்துக்கு என் தரப்பை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்காக வங்கியில் போட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறேன். கண்மாய்க்கரை கூடாது என்பதற்குக் கூடுகளையும் வரத்துக்காலையும், அந்த ஊர்களைக் கேட்காமல் முடிவெடுக்க நமக்கு உரிமை இல்லை என்பதையும் காரணமாக எழுதியிருக்கிறேன். நிதி போதாது என்பதைக் காரணமாக எழுதவே இல்லை. நாளைக்கு யாராவது முழுத் தொகையோடு வந்தாலும் அந்தத் தாள் செல்ல வேண்டும்.